மாரியில் வரவேண்டாம்

வொல்லொங்கொங், அவுஸ்திரேலியா
08.08.2010

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், தவமலர், நிருஷா மூவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி? போன கடிதத்தில் நீங்கள் அதைப்பற்றி எழுதவேயில்லை. தொண்ணூறில் விழுந்த ஷெல் உங்கள் காதைக் கொண்டுபோனதிலிருந்து நமக்குத் தொலைபேசி இல்லை, கடிதம்தான். ஆகவே எழுதாமல் விட்டதை நான் எங்கே கேட்பது?

இப்போது ஒரு புதினம் சொல்லவேண்டும். நிருஷா இந்த மார்கழி விடுமுறைக்கு இலங்கைக்கு வரப்போகிறாளாம். இவளுக்குச் சேர்ஃபிங் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஆளை விட நீளமான பலகை ஒன்றில் குப்புறப் படுத்துக் கைகளால் வலித்துக்கொண்டு கடலுக்குள் போவாள். அலை எழும்பும்போது பலகைமேல் தானும் எழும்பி நின்று கரைக்கு வருவாள். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்துபோகும் தூரம்தான். இருந்தும் அத்தான் கடலோடு போனபிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை.

சண்டை முடிந்ததால் இவளுடைய கூட்டாளிகள் எல்லாம் அறுகம்பே என்று கதைக்கிறார்கள். "அப்பா, இது உங்கட ஊருக்குக் கிட்டவா?" என்று கேட்டாள். பஸ்ஸில் போகிற தூரம்தான் என்றேன். "மறுகா ஏன் ஒருநாளும் சொல்லல்ல?" என்றாள். 'பிறகு' என்று சொல்லாமல் 'மறுகா' என்றது என் வாயிலிருந்து அவள் பிடித்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

நானும் கூட வரலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் மகன் நிதுர்ஷன் கட்டாரிலிருந்து அந்த நேரம் லீவில் வருவானா? அவனைப் பத்து வயதுப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தம்பி
யோகராசா


பெரியகல்லாறு
30.08.2010

அன்பின் தம்பி யோகராசாவுக்கு,

அம்மாளின் துணையால் நான் இருக்கிறேன். மச்சாள் தவமலருக்கும் மருமகள் நிருஷாவுக்கும் என் அன்பைச் சொல். முழங்கால் அப்படியேதான். மழைக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடும்.

மருமகள் வருவது எனக்குச் சந்தோசம். ஆனால் மாரியில் வரவேண்டாம் என்று சொல். உனக்கு ஊர் மறந்துபோனதா? கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் இங்கே மனிசர் வெளியே போக முடியாது. கடல் சேற்று நிறத்தில் கொதிக்கும். தோணிக்காரர்களே கரையில் குந்திக்கொண்டிருப்பார்கள். பலகையில் ஏறுகிற பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது? சித்திரைக்குப் பிறகு வந்தால் வெயிலும் இருக்கும், அலையும் இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு தந்த வீட்டைப்பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். கடலுக்குத் தூரமாக, ஆற்றுப் பக்கத்தில் பள்ளக் காணியில் கட்டித் தந்தார்கள். கடலைப் பார்க்காமல் இருக்கலாம் என்று நானும் வந்துவிட்டேன். மாரியில் முற்றம் முழுக்கச் சேறு. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது சரிவராது.

நிதுர்ஷன் சுகமாக வேலை செய்கிறான். லீவு இல்லையாம்.

அன்புடன்
அக்கா புஸ்பம்


வொல்லொங்கொங்
20.09.2010

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் சுகம். தவமலருக்கு மட்டும் கொஞ்சம் தடிமன், தும்மல்.

நிருஷாவுக்குப் பல்கலைக்கழகத்தில் பெரிய விடுமுறை மார்கழியில்தான். மழை என்றால் நனையட்டும் என்கிறாள். முற்றத்துச் சேற்றுக்கு அவள் பயப்படமாட்டாள்.

நிதுர்ஷனின் கட்டார் விலாசத்தை இந்த முறையாவது எழுதுங்கள். நான் கேட்பது இது முதல் தடவை அல்ல. அவனுக்கு இருபத்திரண்டு வயது ஆகிறது. மாமன் என்று ஒருத்தன் இருப்பது அவனுக்குத் தெரியவேண்டாமா? ஒரு வாழ்த்து அட்டையாவது அனுப்பலாம்.

உங்கள் தம்பி
யோகராசா


பெரியகல்லாறு
02.11.2010

அன்பின் தம்பிக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. மன்னித்துக்கொள். வருத்தம் ஒன்றும் இல்லை. போன மாதம் வீட்டில் வேலை கூடிவிட்டது.

மச்சாளின் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

தம்பி, நான் சொல்லுவதைக் கேள். இந்த வருசம் மருமகள் வரவேண்டாம். வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் தையல் மெசினும் துணிகளும் கிடக்கின்றன. மற்றதில் படுக்க இடம் இல்லை. வெளிநாட்டு ஆட்கள் வந்து தங்கினால் இங்கே கேள்வியும் வரும். யார், எதற்கு, எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு போவார்கள். சண்டை முடிந்தது உங்களுக்கு. எங்களுக்கு முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கோபிக்காதே. அடுத்த வருசம் பார்ப்போம்.

அன்புடன்
அக்கா


வொல்லொங்கொங்
22.11.2010

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாயிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம்.

கோபம் இல்லை. ஆனால் மனம் நொந்துபோனது உண்மை. சுனாமி வந்தபோது நான் வரவில்லை. அத்தானின் அந்தியேட்டிச் சடங்குக்கும் வரவில்லை. அந்தக் கணக்கை என் மகளிடம் தீர்க்கிறீர்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு, என் அக்கா அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

நான் வரவில்லை. வேலையில் லீவு கிடைக்கவில்லை. ஆனால் நிருஷா பயணச்சீட்டு எடுத்துவிட்டாள். உங்களுக்குத் தொல்லை தரமாட்டாளாம். அறுகம்பேயில் விடுதியில் தங்கி, ஒரு பகல் மட்டும் வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாளாம். வாசலில் வைத்து ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாலும் போதும்.

உங்கள் தம்பி
யோகராசா


பெரியகல்லாறு
23.12.2010

அன்பின் தம்பிக்கும் மச்சாளுக்கும்,

உங்கள் மகள் என்னிடம் பத்திரமாக இருக்கிறாள். மழையில் நனைந்தாள், காய்ச்சல் இல்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

அறுகம்பேயில் விடுதிகள் எல்லாம் பூட்டாம். ஒரே ஒரு விடுதியில் மட்டும் காவலுக்கு முத்தலிப் என்று ஒரு வயதானவர் இருந்திருக்கிறார். பலகையோடு மழைக்குள் நின்றவளைப் பார்த்து, "மகள், காத்து மாறிட்டு. இப்ப கடலில கொதிப்பு இரிக்கி, அலை இல்ல" என்றாராம். இவள் கேட்கவில்லை. கடலில் இறங்கிப் பார்த்து, உப்பும் மண்ணும் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். பிறகு கொஞ்ச நாள் அவர் வீட்டுப் பெண்களோடு இருந்து ரொட்டி சுடப் பழகினாளாம். அவரே பலகையைப் பஸ்ஸின் கூரையில் கட்டி அனுப்பியிருக்கிறார்.

கல்லாற்றுச் சந்தியில் பஸ் நின்றதும் சனம் கூடிவிட்டது. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழைக்கு அதையே குடையாகப் பிடித்தபடி ஒழுங்கையால் வந்தாள். தூரத்தில் பார்த்தபோது பிரேதப் பெட்டியைத் தனியாக யாரோ தூக்கி வருகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கிட்ட வந்ததும் உன் மூக்கு தெரிந்தது.

வாயசைவைப் பார்த்து ஊராரின் கதை எனக்கு விளங்கும். இவள் தமிழ் பேசும்போது வாய் வேறு மாதிரிப் போகிறது. அதனால் கொப்பியில் எழுதிக் கதைக்கிறாள். நீ படிப்பித்த எழுத்து, கோழி கிண்டியதுபோல் இருந்தாலும் வாசிக்க முடிகிறது. ஒரு பகலில் போகவேண்டியவள் இன்னும் போகவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை. நேற்று ஆற்று நண்டு வாங்கிக் கறி வைத்தேன். மூன்று பேரும் சட்டியை வழித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறாம் தேதி, சுனாமி வந்த நாள். கடற்கரைக்குப் போய் உன் அத்தானுக்கு விளக்கு வைக்கவேண்டும். தானும் வருகிறேன் என்கிறாள்.

அன்புடன்
அக்கா புஸ்பம்


வொல்லொங்கொங்
12.01.2011

அக்கா,

மட்டக்களப்பு முழுக்க வெள்ளம் என்று செய்தியில் காட்டுகிறார்கள். நிருஷாவின் தொலைபேசி நான்கு நாளாக வேலை செய்யவில்லை. இந்தக் கடிதம் எப்போது வந்துசேரும் என்று தெரியாது. இருந்தும் சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன். தவமலர் சாமியறையை விட்டு எழும்பவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். உங்கள் கடிதத்தில் மூன்று பேரும் நண்டுக்கறி சாப்பிட்டதாக இருக்கிறது. நிருஷாவும் போனில் "நாங்க கடலுக்குப் போனம், நாங்க விளக்கு வச்சம்" என்றாள். "நாங்க எண்டா ஆரு?" என்று கேட்டேன். "மாமியும் நானும்" என்றாள், கொஞ்சம் யோசித்துவிட்டு. என் மகளுக்குப் பொய் சொல்ல வராது.

யார் அக்கா அந்த மூன்றாவது ஆள்? யாராக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

யோகராசா


பெரியகல்லாறு, பாடசாலை முகாம்
24.01.2011

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நிருஷா பட்டணத்துக்குப் போய் உன்னோடு கதைத்துவிட்டதாகச் சொன்னாள். உன் கடிதமும் இன்று வந்தது.

மூன்றாவது ஆள் நிதுர்ஷன். அவன் கட்டாரில் இருக்கவில்லை. சுனாமிக்கு அடுத்த வருசம், இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வந்தவர்கள் அவனைக் கொண்டுபோனார்கள். அதே வாகனத்தில் பக்கத்து வளவு வள்ளிப்பிள்ளையின் மகள் கஜானியையும் ஏற்றினார்கள். இரண்டும் ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள். அந்த நாளில் கடிதங்களை உடைத்துப் பார்ப்பார்கள் என்பதால் கட்டார் என்று எழுதினேன். பிறகு இவன் வன்னியில். சண்டை முடிந்ததும் புனர்வாழ்வு முகாமில். போன ஐப்பசியில் விட்டார்கள். வந்தவன், "ஒருத்தருக்கும் எழுதாதீங்கம்மா" என்று மட்டும் கேட்டான். அவன் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.

அவன் வந்த அன்றே வள்ளிப்பிள்ளை ஓடிவந்தாள். "என்ட புள்ள எங்க மனே?" என்று கேட்டாள். இவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். அதன்பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பதில்லை. அவளுக்குக் கஜானி ஒன்றுதான். நானும் இவனிடம் கேட்கவில்லை. பதில் என்னவாக இருக்கும் என்று பயம்.

மருமகள் வந்தபோது கதவைத் திறந்தவன் அவன்தான். நான் குசினி யன்னலால் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இவள் கையை நீட்டினாள். அவன் தலை துடைக்கத் துவாயை எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தான். அவள் கேள்வி கேட்கமாட்டாள். பலகைக்கு மெழுகு தேய்ப்பது எப்படி என்று அவனுக்குக் காட்டினாள். அது போதுமாக இருந்தது.

வெள்ளத்தைப்பற்றி எழுதுகிறேன். தை பிறக்குமுன்னே மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கடல்தான் வரும் என்று நாங்கள் எல்லோரும் ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு பின்பக்கத்தால் வந்தது. விடிந்தபோது தண்ணீர் கட்டில் காலில். தேத்தண்ணி வைத்துக் குடிக்குமுன் இடுப்புக்கு வந்துவிட்டது. நிருஷா பலகையைத் தண்ணீரில் போட்டு, "மாமி, படுங்க, அசையாதீங்க" என்று கையால் காட்டினாள். நான் குப்புறப் படுத்தேன். முன்னால் கயிற்றைப் பிடித்து இவன் இழுக்க, பின்னால் அவள் தள்ள, மேட்டில் இருக்கும் வீதிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு திரும்பிப் போய் ஒழுங்கையில் இருந்த கிழடுகளையும் கைக்குழந்தைக்காரியையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். தோணிகள் எல்லாம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. நம் ஒழுங்கைக்கு அந்தப் பலகைதான் தோணி.

கடைசியாக வள்ளிப்பிள்ளை. அவள் குசினி மதிலில் ஏறி இருந்தாள். வீதியில் நின்றால் எனக்கு நேரே தெரிகிறது. போ, போ என்று கையால் விரட்டினாள். நிதுர்ஷன் கயிற்றை நிருஷாவின் கையில் கொடுத்துவிட்டு மதிலுக்குக் கிட்டப் போனான். தண்ணீர் அவன் நெஞ்சுக்கு நின்றது. அவன் கதைக்கத் தொடங்கினான். என் மகன் இவ்வளவு நேரம் ஒருவரோடு கதைத்து நான் பார்க்கவில்லை. முதுகு எனக்குப் பக்கம். வாய் தெரியவில்லை. வள்ளிப்பிள்ளையின் முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

பிறகு அவள் இரண்டு கையாலும் அவன் தலையிலும் தோளிலும் அடித்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தபிறகு அவளாகவே மதிலால் இறங்கிப் பலகையில் படுத்தாள்.

இங்கே ஒரு வகுப்பறையில் எல்லோரும் இருக்கிறோம். அவள் எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கிறாள். கதைப்பதில்லை. ஆனால் பாயை நகர்த்தவும் இல்லை. நிதுர்ஷன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நிருஷாவிடம் கேட்டேன். கொப்பியை எடுத்தாள், மூடி வைத்துவிட்டாள்.

அன்புடன்
அக்கா புஸ்பம்


வொல்லொங்கொங்
19.02.2011

அன்புள்ள அக்காவுக்கும் மருமகன் நிதுர்ஷனுக்கும்,

இந்தப் பெயரை எழுதக் கிடைத்தது எனக்குப் பெரிய ஆறுதல். நிருஷா சுகமாக வந்துசேர்ந்தாள். பலகையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். காலில் சேற்றுப்புண் இருந்தது, ஆறிவிட்டது.

வந்து கொஞ்ச நாள் அவள் கடலுக்குப் போகவில்லை. ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்க் கரையில் இருத்தி, தான் கேட்டதைச் சொன்னாள். நீங்கள் கண்டீர்கள், அவள் கேட்டாள். நான் இரண்டும் இல்லாமல் இங்கே இருந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா? நான் லீவு கேட்கவே இல்லை அக்கா. விமானநிலையத்தில் என் பெயரைப் பார்த்து என்ன கேட்பார்களோ என்று பயம்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நிதுர்ஷன் வள்ளிப்பிள்ளையிடம் போய், "பெரியம்மா, வாங்க" என்றானாம்.

"நான் வரல்ல. நீ போ."

"தண்ணி ஏறுது பெரியம்மா."

"ஏறட்டும். என்ட புள்ள தேடி வந்தா வீட்டில ஆள் வேணும்."

அப்போதுதான் அவன் கயிற்றை நிருஷாவிடம் கொடுத்திருக்கிறான்.

"கஜானி வரமாட்டா பெரியம்மா."

"ஆரு சொன்ன?"

"நான் பக்கத்தில நிண்டன். நான்தான் மண் போட்டன்."

அதற்குப் பிறகு அவன் நிறையச் சொல்லியிருக்கிறான். எந்த இடம், எந்த நாள், கடைசியில் அந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று எல்லாம். நிருஷாவுக்கு விளங்கியதை எனக்குச் சொன்னாள். அதை நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. மறைப்பதற்காக அல்ல. அது உங்கள் மகன் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியது. என் கையால் அது உங்களுக்கு வரக்கூடாது.

நான் ஆனி மாதம் வருகிறேன். லீவு கேட்டுவிட்டேன்.

உங்கள் தம்பி
யோகராசா


பெரியகல்லாறு
21.05.2011

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. நாங்கள் சுகம். வீட்டைக் கழுவித் திரும்பவும் குடிவந்துவிட்டோம். மெசின் மட்டும் துருப்பிடித்துவிட்டது. மச்சாளும் மருமகளும் நலம்தானே?

கடந்த வாரம் வள்ளிப்பிள்ளை எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். நிதுர்ஷன் வேலி கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் நின்று, நானும் பார்க்கவேண்டும் என்றோ என்னவோ, வாயை நிறுத்தி நிறுத்திக் கதைத்தாள். "ஐயரிட்ட நாள் கேட்டன். திதி வியாழக்கிழமை வருது. எனக்கு ஆம்பிளப்புள்ள இல்ல. நீதான் செய்யணும் மனே."

இவன் என்னைப் பார்த்தான். "எனக்கு என்ன தகுதி பெரியம்மா?" என்றான்.

"நீ ஒருக்காச் செய்தாய்தானே," என்றாள் அவள். "அப்ப ஐயர் இல்ல. இப்ப முறையாச் செய்."

நேற்று முன்தினம் ஆற்றங்கரையில் செய்தோம். இரண்டு வருசமாக அவள் கஜானியின் படத்துக்குப் பூ வைக்கவிடவில்லை. அன்றைக்குத் தானே மாலை கட்டினாள். இவன் ஈர வேட்டியோடு இருந்து ஐயர் சொன்னதெல்லாம் செய்தான். பிண்டத்தைக் கொண்டுபோய் ஆற்றில் விடக் குனிந்தான். வள்ளிப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் இறங்கி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் வீட்டில் சாப்பாடு. பிள்ளைக்குப் படைத்த இலைக்கு அடுத்த இலையை இவனுக்குப் போட்டாள். முகாமிலிருந்து வந்தபின் இவன் வேறு வீட்டில் கை நனைத்தது இல்லை. அவன் சாப்பிட்டு முடியுமட்டும் அவள் எதிரே குந்தியிருந்து பரிமாறினாள்.

அன்று பின்னேரம் அவன் கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி இருந்துகொண்டான். எல்லாவற்றையும் சொன்னான். இடையில் இரண்டு முறை எழும்பிப் போய்விட்டு, திரும்ப வந்து சொன்னான். நான் அவன் வாயை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நீ அன்றைக்கு எழுதாமல் விட்டது நல்லது தம்பி. நானும் அதை இங்கே எழுதவில்லை.

நீ வருகிறாய் என்பதை அவனுக்குச் சொன்னேன். உன் அறைக்கு வெள்ளையடிக்கிறேன் என்றான்.

இரவில் நித்திரை இல்லாமல் வளவைச் சுற்றி நடப்பவன், நேற்று வெயில் ஏறியும் எழும்பவில்லை. இன்றும் அப்படித்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வள்ளிப்பிள்ளை ஒரு கிண்ணத்தில் கூனி இறால் சம்பலோடு வேலியால் எட்டிப் பார்த்தாள். "புள்ள ஒழும்பிட்டானா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். கிண்ணத்தை வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டினாள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்காது என்று தெரிந்தும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா
புஸ்பம்